சில்வர் கார் நீலமானது, நீலம் உரிகிறது: யாரிடம் கேட்பது?

கேள்வி: சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். லோனில் வாங்கிய பழைய சில்வர் நிறக் காரைக் கருநீலமாகவும், கூரையை மட்டும் கறுப்பாகவும் மாற்றச் சொல்லி உபி பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். பேசிய தொகை 2,600 வெள்ளி, 2,000 கட்டிவிட்டேன். இரண்டே மாதத்தில் பானெட்டில் கொப்புளம் கிளம்பிவிட்டது. பின்கதவு ஓரம் பெயிண்ட் உரிந்து பழைய நிறம் தெரிகிறது. கேட்டால், “பில்லில் வாரண்டி இல்லை என்று போட்டிருக்கிறதே! மிச்சம் 600 வெள்ளியைக் கொடுங்கள், அப்புறம் பார்க்கலாம்” என்கிறார் முதலாளி. இன்னொரு கடையில் சுரண்டி எடுத்துப் புதிதாக அடிக்க 1,900 வெள்ளி கேட்கிறார்கள். இதற்கிடையில், முன் அனுமதி இல்லாமல் நிறம் மாற்றியதே குற்றம், காப்புறுதியும் செல்லாது என்று நண்பர் பயமுறுத்துகிறார். முதலாளியின் படத்தையும் கைப்பேசி எண்ணையும் ஃபேஸ்புக்கில் போடலாமா? மலேசியாவின் ஜோகூரில் மலிவாக அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள், அங்கே கொண்டுபோகலாமா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. நிறம் மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. ஆனால் மாற்றிய பிறகு அதைப் பதிவில் திருத்துவது உங்கள் பொறுப்பு. அதை நீங்கள் செய்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை. இன்றே ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் சிங்பாஸ் மின்னியல் அடையாளம் மூலம் நுழைந்து திருத்திவிடுங்கள். உங்கள் லாக் கார்டை, அதாவது வாகனப் பதிவு அட்டையை, திறந்து பார்த்தால் முதன்மை நிறம், இரண்டாம் நிறம் என்று இரண்டு இடம் இருக்கும். உங்கள் வண்டிக்கு முதலாவது நீலம், அடுத்தது கூரையின் கறுப்பு. பெயிண்ட் அடிக்காமல் ஸ்டிக்கர் சுற்றியிருந்தாலும் இதையேதான் சொல்வேன். பதிவில் சில்வர், சாலையில் நீலம் என்றால், எண் பலகை வேறு வண்டியிலிருந்து வந்ததோ என்று போலிஸ்காரருக்குச் சந்தேகம் வருவது இயல்புதானே.

வங்கி விஷயத்தை நீங்கள் கேட்கவே இல்லை. தவணைக் கொள்முதலில் கடன் முடியும்வரை வண்டி சட்டப்படி வங்கியினுடையது. பதிவில் உங்கள் பெயர் இருப்பதால் மட்டும் அது மாறிவிடாது. எழுத்துபூர்வ சம்மதமின்றி வண்டியில் மாற்றம் செய்யக்கூடாது என்ற விதி இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். நிறத்துக்காக வங்கி வண்டியை இழுத்துக்கொண்டு போகும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். அதே மின்னஞ்சலைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் அனுப்பலாம். நிறம் மாறியதால் விபத்து அபாயம் கூடிவிடாது. அதனால் மட்டும் காப்புறுதி தானாகச் செல்லாமல் போய்விடும் என்பது மிகை. ஆனால் மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் இருந்து, நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால், நாளைக்கு இழப்பீடு கேட்கும்போது அவர்கள் முதலில் தூக்கிக் காட்டுவது அதைத்தான்.

இப்போது வொர்க்‌ஷாப். “வாரண்டி இல்லை” என்று பில்லில் அச்சடித்துவிட்டால் எல்லாப் பொறுப்பும் தீர்ந்தது என்று பல முதலாளிகள் உண்மையாகவே நம்புகிறார்கள். அது தவறு. காசு வாங்கிக்கொண்டு வேலை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காமலே ஒப்பந்தத்துக்குள் இருக்கும் நிபந்தனை. அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகம் நியாயமானதா என்று வழக்கு என்று போனால் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டப்படி நடுவர் சோதித்துப் பார்ப்பார். இரண்டு மாதத்தில் கொப்புளம் என்றால், பழைய பூச்சைச் சரியாகத் தேய்க்காமல், ஈரம் காயாமல் மேலே அடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதை நானோ நீங்களோ சொன்னால் எடுபடாது. 1,900 வெள்ளி கேட்கும் அந்த இன்னொரு கடைக்காரரிடம், என்ன குறை, ஏன் வந்தது, சரிசெய்ய என்ன செலவு என்று கடையின் முத்திரையோடு எழுதி வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, பேநவ் ரசீது, முதலில் கொடுத்த விலைப்பட்டியல் எதையும் அழித்துவிடாதீர்கள்.

கணக்கையும் பார்த்துவிடலாம். வேலை ஒழுங்காக முடிந்திருந்தால் உங்களுக்கு 2,600 வெள்ளி செலவாகியிருக்கும். இப்போது கட்டிய 2,000, மறுபடி அடிக்க 1,900, ஆக 3,900. உங்கள் நட்டம் 1,300 வெள்ளி. கட்டியதையும் திருப்பிக் கொடு, மறு செலவையும் கொடு, மிச்சத்தையும் தரமாட்டேன் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் நடுவரின் முகம் மாறிவிடும். மனவேதனைக்குத் தனியாகக் கேட்கவும் வேண்டாம்.

முதலில் முதலாளிக்கு எழுத்தில் ஒரு வாய்ப்பு கொடுங்கள்: 14 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் 1,300 வெள்ளி கோருவேன் என்று. அவர் சம்மதித்து வண்டியைக் கேட்டால், சாவியைக் கொடுப்பதற்கு முன் வேலை என்ன, எந்தத் தேதியில் முடியும், 600 வெள்ளி எப்போது என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காரணம் இருக்கிறது. வேலை செய்த வண்டி தன் கையில் இருக்கும்வரை கூலிக்காக அதைப் பிடித்துவைக்கும் உரிமை பழுதுபார்ப்பவருக்கு உண்டு. வண்டியை உங்களிடம் கொடுத்தபோதே பழைய பாக்கிக்கான அந்த உரிமை போய்விட்டது. திரும்ப உள்ளே வந்தாலும் அது உயிர்பெறாது. ஆனால் ஷட்டரை இறக்கிவிட்டு நிற்பவரிடம் இந்தச் சட்ட நுணுக்கத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

மசியவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். உங்கள் தொகைக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான். அங்கே வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை, ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு உங்களால் ஒரு காசு வரும்படியும் இல்லை! தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: பெயர்ப் பலகையில் உள்ள பெயரும் பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயரும் வேறாக இருக்கும். வணிகப் பதிவுக்கான அரசாங்கத் தளமான பிஸ்ஃபைலில் வணிக விவரத்தை வாங்கிச் சரியான பெயரில் கோரிக்கை போடுங்கள். அவரும் 600 வெள்ளிக்கு எதிர்க்கோரிக்கை போடலாம். மேலே சொன்ன கணக்கில் அதை ஏற்கெனவே கழித்திருப்பதால் பதற வேண்டாம். மன்றம் வரை போக மனமில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் மூலம் சமரசம் பேசலாம். ஆனால் முதலாளியைக் கட்டாயப்படுத்தி அழைக்க அதற்கு அதிகாரம் கிடையாது.

ஃபேஸ்புக்கில் உண்மையை, படத்தோடு, நிதானமாக எழுதலாம். அவதூறு வழக்குக்கு உண்மை ஒரு தற்காப்பு. “திருடன், ஏமாற்றுக்காரன்” என்றால் அதையும் நீங்களே நிரூபிக்க வேண்டிவரும். ஆளின் படத்தையும் எண்ணையும் போட்டு அவரை நாலு பேர் தொல்லை செய்யட்டும் என்று நினைத்தால், தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குற்றவாளி ஆகலாம். என்னைக் கேட்டால், வழக்கு முடியும்வரை எதுவும் எழுத வேண்டாம். இன்னும் எழுதாத பதிவுக்குப் பேரத்தில் மதிப்பு அதிகம்.

ஜோகூருக்கு இப்போது போகாதீர்கள். அங்கே சுரண்டிய நிமிடத்தில் உங்கள் சாட்சியமும் சுரண்டப்பட்டுவிடும். வழக்கு முடிந்த பிறகு போவது உங்கள் விருப்பம். அந்த வேலையும் கெட்டால் இங்குள்ள மன்றம் உங்களுக்குப் பெரிதாக உதவாது. மலேசியாவின் பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கிறது, கட்டணம் வெறும் 5 ரிங்கிட். ஆனால் விசாரணைக்கு எல்லை தாண்டும் காஸ்வே பாலத்து நெரிசலில் நின்று அங்கே போய்வர வேண்டும். மிச்சப்படுத்தும் தொகையில் அந்த நாள்களையும் கழித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.