கார் பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்? கேள்வி பதில்

ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறையும் பேட்டரிக் கடையும் நடத்திவருபவன் என்ற முறையில், கார் பேட்டரி மாற்றும் செலவு குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விலைகள் தோராயமானவை, ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் சற்றே மாறும்.

கேள்வி (மதுரை): ஐயா, என்னிடம் 2014ஆம் ஆண்டு வாங்கிய ஆல்டோ உள்ளது. 35 ஏ.ஹெச். பேட்டரிக்கு ஒரு கடையில் 3,800 ரூபாயும் மற்றொரு கடையில் 5,200 ரூபாயும் சொல்கிறார்கள். ஏன் இவ்வளவு வேறுபாடு?

பதில்: ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர்) என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் என்பதன் அளவு. அது ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டும் ஒரே பேட்டரி ஆகிவிடாது. ஒரே நிறுவனம் 35 ஏ.ஹெச். அளவிலேயே குறைந்த வாரண்டி, நீண்ட வாரண்டி எனப் பல வரிசைகளை விற்கிறது. அத்துடன், முதல் கடைக்காரர் உங்கள் பழைய பேட்டரிக்கான தொகையைக் கழித்துச் சொல்லியிருக்கலாம்; இரண்டாமவர் கழிக்காமல் சொல்லியிருக்கலாம். எனவே இருவரிடமும், "எந்த மாடல், எத்தனை மாத வாரண்டி, பழையதைக் கொடுத்தால் கையில் எவ்வளவு தர வேண்டும்" என்று ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். சிறிய பெட்ரோல் கார்களுக்குப் பழையதைக் கொடுத்து மாற்ற ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ரூபாய் வரையும், 60 ஏ.ஹெச்.க்கு மேல் தேவைப்படும் டீசல் கார்களுக்கு 6,000 முதல் 8,500 வரையும் ஆகும்.

வரியையும் கவனியுங்கள். ஈய அமில பேட்டரிகளுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது. வரி சேர்க்காத விலை 4,000 ரூபாய் எனில், முன்பு 5,120 ஆன பேட்டரி இப்போது 4,720 ஆகிறது. பழைய எம்.ஆர்.பி. ஸ்டிக்கரைக் காட்டித் தள்ளுபடி தருவதாகச் சொல்வோரிடம், அந்தத் தள்ளுபடி வரிக்குறைப்பு மட்டும்தானா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி (வேளச்சேரி, சென்னை): அண்ணா, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தோம். பேட்டரி வாங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. உடனே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: சோதிக்காமல் மாற்றாதீர்கள். என்னிடம் வரும் வண்டிகளில், பேட்டரி போய்விட்டது என்று சொல்லப்பட்டவற்றில் பல, டெர்மினலில் (கேபிள் பூட்டும் முனையில்) பூத்திருக்கும் வெள்ளைப் படிவைச் சுடுநீர் ஊற்றிக் கழுவி, கிளாம்பை இறுக்கியதுமே சரியாகியுள்ளன. அதை முதலில் பாருங்கள்.

அடுத்து, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரியில் முழு சார்ஜ் இருக்கிறது, 12.2 எனில் பாதிதான் உள்ளது. சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கும்போது முள் 9.6க்குக் கீழே சரிந்தால், பேட்டரி வலுவிழந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் அந்தச் சோதனையை முழுதாக சார்ஜ் ஏற்றிய பிறகே செய்ய வேண்டும்; சார்ஜ் இல்லாத நல்ல பேட்டரியும் அப்படித்தான் சரியும். எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் 10.5 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லையென்றால், பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது. அதற்கு மருந்து கிடையாது.

இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். வரவில்லையென்றால் குற்றவாளி, ஓட்டத்தில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் அல்லது அதன் பெல்ட். அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால், சில நாள்களில் அதுவும் இறங்கிவிடும், செலவு இரட்டிப்பாகும். நம் ஊர் வெயிலில் பேட்டரி மூன்று, நான்கு ஆண்டுகள் உழைப்பதே வழக்கம் என்றாலும், இரண்டு ஆண்டு என்பது சோதித்துப் பார்க்காமல் தூக்கிப்போடும் வயதல்ல. வாரண்டி இன்னும் இருக்கக்கூடும், பில்லையும் தேடி எடுங்கள்.

கேள்வி (திருச்சி): வாரண்டி அட்டையில் 24+24 மாதம் என்று இருக்கிறது. முப்பதாவது மாதத்தில் பேட்டரி போய்விட்டது. புதியது இலவசமாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. முதல் 24 மாதங்களுக்கு மட்டுமே இலவச மாற்று. அடுத்த 24 மாதங்கள் "ப்ரோ-ரேட்டா". அதாவது கடந்த காலத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே வரும் தள்ளுபடி. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தத் தள்ளுபடி எம்.ஆர்.பி.யின் மீது கணக்கிடப்படுகிறது. கடைகளோ சாதாரணமாகவே எம்.ஆர்.பி.க்குக் குறைவாக விற்கின்றன. எடுத்துக்காட்டாக, எம்.ஆர்.பி. 6,000 ரூபாய், தள்ளுபடி 25 விழுக்காடு என்றால் நீங்கள் 4,500 தர வேண்டும், பழைய பேட்டரியையும் ஒப்படைக்க வேண்டும். அதே பேட்டரி, பழையதைக் கழித்துக்கொண்டு 4,500க்கே வெளியில் கிடைத்தால் உங்களுக்கு என்ன மிச்சம்? ஆகவே வாங்கும்போது கூட்டுத்தொகையைப் பார்க்காமல், முதல் எண்ணைப் பாருங்கள். 18+18 பேட்டரிக்கும் 30+30 பேட்டரிக்கும் உள்ள விலை வேறுபாட்டை, கூடுதலாகக் கிடைக்கும் அந்தப் பன்னிரண்டு இலவச மாதங்களோடு ஒப்பிட்டால் விடை தெளிவாகும்.

கேள்வி (கோவை): சிக்னலில் தானாக அணைந்து மீண்டும் ஸ்டார்ட் ஆகும் வசதி என் காரில் உள்ளது. அதற்கான பேட்டரி ஏறத்தாழ இரு மடங்கு விலை. சாதாரண பேட்டரி போட்டால் போதாதா?

பதில்: வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் பேட்டரி நீண்ட நாள் தாங்காது. அவிநாசி சாலை நெரிசலில் ஒரே பயணத்தில் பலமுறை ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு, அடிக்கடி இறங்கி ஏறும் சார்ஜைத் தாங்குவதற்கென்றே வடிவமைத்த ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். பேட்டரி தேவை. நிறுவனம் ஏ.ஜி.எம். பொருத்தியிருந்தால் அதையே போடுங்கள். சில உயர்ரக கார்களில் புது பேட்டரியை ஸ்கேனர் மூலம் வண்டியின் கணினியில் பதிவும் செய்ய வேண்டும். அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மகன் வளைகுடாவில் இருக்கிறான். அவனுடைய கார் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிறது. ஒவ்வொரு முறை அவன் ஊருக்கு வரும்போதும் புது பேட்டரி வாங்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம் தம்பி?

பதில்: அம்மா, இந்தச் செலவை நீங்கள் முழுமையாகத் தவிர்க்கலாம். நிற்கும் வண்டியிலும் அலாரம், கடிகாரம், கணினி ஆகியவை சிறிது மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்றாலும், ஒரு நாளில் 1.2 ஏ.ஹெச்.; பதினைந்து நாளில் 18 ஏ.ஹெச். 35 ஏ.ஹெச். பேட்டரியில் பாதி தீர்ந்துவிட்டது! ஜி.பி.எஸ். கருவி இருந்தால் இன்னும் விரைவாகத் தீரும். காலியாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிட்டால், பிறகு சார்ஜ் ஏறாது.

மகன் புறப்படும் நாளில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பக்கத்துப் பட்டறையில் கொடுத்து சார்ஜ் ஏற்றி வையுங்கள். வாரத்துக்கு ஒருநாள் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துவதால் பயனில்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூடச் சரியாகத் திரும்பி ஏறாது.

கேள்வி (சேலம்): 38பி20எல், 38பி20ஆர் என்ற மாடல் எண்ணுள்ள பேட்டரிகள் இரண்டில் எது கிடைத்தாலும் போடலாமா?

பதில்: கூடாது. அளவு ஒன்றுதான், பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகள் இடம் மாறியிருக்கும். கேபிளை இழுத்துப் பூட்டினால் உராய்ந்து ஷார்ட் ஆகும். மாற்றிப் பூட்டினால் ஃபியூஸ்களும் ஆல்டர்னேட்டர் டயோடுகளும் போகும்.

கேள்வி (ஈரோடு): பழைய பேட்டரியைக் கடைக்காரரிடம் கொடுக்காமல் காயலான் கடையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமே?

பதில்: சில சமயம் நூறு, இருநூறு ரூபாய் கூடலாம். ஆயினும் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன். பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதனால்தான் அதற்கு விலை. உரிமமில்லாத இடங்களில் அமிலத்தை மண்ணில் ஊற்றிவிட்டு ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய பேட்டரிகளை முறையாகத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்மீது சுமத்துகின்றன. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, கழித்த தொகையைப் பில்லில் தனியாக எழுதி வாங்குங்கள். அதே பில்லில் புது பேட்டரியின் வரிசை எண்ணும் இருக்கட்டும். வாரண்டி கேட்டுப் போகும்போது முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.