சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வருமா?

வரும். என் அம்மாவுக்கு வந்தது.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டிலும் யாரோ பல வருஷமாகச் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, "எனக்கு நெஞ்சு வலியெல்லாம் இல்லையே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் போல.

அம்மாவுக்கு அப்போது 58 வயது, சர்க்கரை வந்து 11 வருஷம். 2023 கார்த்திகை, விடிகாலை நாலரை மணி. ரவிக்கை நனைகிற அளவு வேர்வை. "ஒண்ணுமில்லடி, மூச்சு வாங்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றார். லோ சுகர் என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். அப்புறம்தான் மெஷினில் குத்திப் பார்த்தேன். 286, லோ சுகரே இல்லை, ஏறித்தான் இருந்தது. பக்கத்துத் தெரு மாமா, "வாயுவா இருக்கும், பொம்பளைங்களுக்கு அட்டாக் எங்க வருது" என்று சோடாவோடு வந்தார். ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. முதலிலேயே குத்திப் பார்த்திருக்க வேண்டும், என் தப்புதான். ஆனால் வேர்வையைப் பார்த்தால் லோ சுகர் என்றுதானே எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இசிஜி எடுத்ததுமே, தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்துக்காக வைத்திருந்த மாத்திரைகளை விழுங்க வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் 8. பிறகு 108-இல் மதுரை. மூன்று ரத்தக் குழாயிலும் அடைப்பு, பைபாஸ்.

வலி ஏன் தெரியவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். நாள்பட்ட சர்க்கரை ரத்தக் குழாயின் உள்சுவரைக் கெடுத்துக் கொழுப்புப் படிய வைக்கிறது. அதே சர்க்கரை இதயத்துக்குப் போகும் நரம்புகளையும் மரத்துப்போக வைப்பதால் வலி தெரியாமல் போகலாம் என்றார். பொம்பளைங்களுக்கு வராது என்ற பேச்சும் தப்பு. சர்க்கரையால் கூடும் இதய ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்று அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1979-லேயே சொல்லிவிட்டது.

"பயமுறுத்தாதே" என்பவர்களுக்கு: சர்க்கரை இருக்கிற எல்லோருக்கும் இது வராது, எனக்கும் தெரியும். நான் டாக்டரும் இல்லை.

ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை உதவியது. மதுரையில் தங்கின மற்ற செலவுக்கு என் வளையல்தான் அடகுக்குப் போனது. பாதி தருகிறேன் என்ற அண்ணன் இன்றுவரை வாயே திறக்கவில்லை. அம்மாவைப் பெற்றவள் மாதிரி பார்த்துக்கொண்டது நான், ஊரில் பேர் அவனுக்கு.

சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பிரஷர், எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு, சிறுநீரில் புரதம் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு 11 வருஷத்தில் ஒரு தடவைகூடக் கொழுப்பு பார்த்ததில்லை. திடீர் வேர்வை, மூச்சு வாங்கல், காரணமில்லாத அசதி வந்தால் குத்திப் பாருங்கள். லோ சுகர் இல்லை என்றால் சோடா வாங்கப் போகாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.