எல்லாம் ஆன்லைனில் கிடைக்கும்போது எலக்ட்ரானிக்ஸ் பிராண்டுகள் ஏன் சொந்தமாகப் பெரிய ஷோரூம் திறக்கின்றன?

வாடகைக்கே கட்டுபடியாகாதே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு கடையின் கல்லாவை மட்டும் பார்த்தால் பல நேரம் கட்டுபடியாகாதுதான். ஆனால் பிராண்டு போடும் கணக்கு வேறு.

நான் பல பிராண்டுகளை விற்கும் கடையில் சேல்ஸில் இருந்தவன். வருபவர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, ஆயிரம் கேள்வி கேட்டு, "சரி, யோசிச்சுட்டு வர்றேன்" என்று கிளம்பிப் போய் ஆன்லைனில் வாங்கிவிட்டால் எங்களுக்கு எதுவும் மிஞ்சாது. பிராண்டின் சொந்தக் கடையில் அதுவே நடந்தால் குடிமுழுகிப் போகாது. எங்கே வாங்கினாலும் பொருள் அவர்களுடையதுதானே.

இன்னொரு காரணம், எங்களைப் போன்ற கடைகளில் பிராண்டின் பேச்சு அவ்வளவாக எடுபடாது. எந்த மாடலுக்கு அந்த மாதம் இன்சென்டிவ் அதிகமோ அதைத்தான் சேல்ஸ்மேன் முதலில் காட்டுவார். டிவிகள் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஏற்றி வைத்த டெமோ மோடில் ஓடும். பக்கத்தில் இருப்பதைவிடப் பளிச்சென்று தெரிவது விற்றுவிடும். வீட்டில் எது நன்றாக இருக்கும் என்பது அங்கே தெரியவே தெரியாது.

ஆப்பிள் கடை திறந்த கதையும் இதுதான். அப்போது கம்ப்யூட்டர் சந்தையில் அதன் பங்கு மிகச் சிறியது. பெரிய கடைகளில் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும், விற்பவருக்கு விண்டோஸ்தான் பழக்கம். 2001 மே 19 அன்று வர்ஜீனியாவிலும் கலிபோர்னியாவிலும் முதல் இரண்டு கடைகள் திறந்தன. ஐபாட்கூட அந்த அக்டோபரில்தான் வந்தது, அதாவது விற்கவே அதிகப் பொருள் இல்லாத காலம். சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்று ஆருடம் சொன்னவர்களும் இருந்தார்கள். என் கணிப்பில் அதைக் காப்பாற்றியது கண்ணாடியும் மர மேஜையும் அல்ல, ஜீனியஸ் பார். பழுது, சந்தேகம் என்று வாங்கியவர் திரும்ப வர ஓர் இடம். ரிப்பேருக்கு வந்தவர் புதுசையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்.

திரும்ப வரக் காரணம் இல்லாத கடைகள் தாக்குப்பிடிப்பது கஷ்டம். கேட்வே என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் நிறுவனம் ஆப்பிளுக்கு முன்பே கடை போட்டது. ஆனால் பெரும்பாலும் அங்கே பார்த்து ஆர்டர்தான் கொடுக்க முடியும், கம்ப்யூட்டர் பிறகு வீட்டுக்கு வரும். 2004-ல் மிச்சமிருந்த 188 கடைகளையும் மூடிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2009-ல் கடை போட ஆரம்பித்தது. 2020 ஜூனில், கொரோனாவுக்காகப் பூட்டியிருந்த கடைகளை இனி திறக்கப்போவதில்லை என்று அறிவித்தது. ஒரு சில இடங்களை மட்டும் அனுபவ மையங்களாக வைத்துக்கொண்டது. சாம்சங் நேரெதிராக யோசித்தது. 2016-ல் நியூயார்க்கில் '837' என்ற பெரிய இடத்தைத் திறந்தபோது அங்கே எதையும் விற்கவே இல்லை, பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். அதை விளம்பரச் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

டீலர்களுக்கு இதில் எரிச்சல் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் சொந்தக் கடையில் பிராண்டு பொதுவாக விலையைக் குறைக்காது. குறைத்தால் எல்லா டீலரும் சண்டைக்கு வருவார்கள். அதனால் அங்கே பார்த்துவிட்டு எங்களிடம் பேரம் பேச வருபவர்களும் நிறைய.

வாங்குபவராகக் கேட்டால், கீபோர்டு, ஹெட்போன், கேமரா மாதிரி கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவற்றுக்குப் பிராண்டு கடை அருமை. ஒப்பீட்டுக்கு அது உதவாது, அடுத்த பிராண்டைப் பற்றி அங்கே யார் வாய் திறப்பார்கள்? அப்புறம், பெரிய பிராண்டு போர்டு மாட்டிய கடையெல்லாம் அந்தப் பிராண்டே நடத்துவது என்று நினைக்காதீர்கள். பல கடைகள் ஃபிரான்சைஸ். ரிட்டர்ன், எக்ஸ்சேஞ்ச் விதி கடைக்குக் கடை மாறலாம், பில் யார் பெயரில் வரும் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.