உண்ணிகளும் காட்டின் ஓரமும்: வாசகர் கேள்வி – பதில்

நாய்களுக்கு வரும் உண்ணித் தொல்லையைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியதைத் தொடர்ந்து, உண்ணிகள் பரப்பும் நோய்களைக் குறித்துப் பல கடிதங்கள் வந்துள்ளன. கால்நடை மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய காட்டில் ஒரு குரங்கு இறந்து கிடந்தது. வனத்துறையினர் வந்து, யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சுற்றிலும் மருந்து தெளித்தார்கள். ஒரு குரங்கு செத்ததற்கு ஏன் இவ்வளவு அச்சம்? (கூடலூர் வாசகி)

அவர்கள் செய்தது முற்றிலும் சரி. கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்றொரு காடு உண்டு. 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே குரங்குகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. அதே நாட்களில் விறகுக்கும் தழைக்கும் அந்தக் காட்டுக்குள் போய் வந்த கிராமத்து மக்களும் கடுங்காய்ச்சலில் படுத்தார்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மட்டுமே இருந்த மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்கும் வந்துவிட்டதோ என்ற கவலையோடு புனேயிலிருந்த வைரஸ் ஆய்வு மையத்தினர் அங்கே விரைந்தார்கள். அவர்கள் கண்டது மஞ்சள் காய்ச்சல் அன்று. ரஷ்யக் காடுகளில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவான, அதுவரை யாரும் அறியாத ஒரு புதிய வைரஸ். அந்தக் காட்டின் பெயராலேயே அது கியாசனூர் காட்டு நோய் எனப்பட்டது. கன்னட மக்கள் அதை ‘மங்கன காயிலெ’ என்கிறார்கள். நம் பக்கத்தில் குரங்குக் காய்ச்சல் என்கிறோம்.

பெயர் அப்படி இருந்தாலும், நோயைச் சுமந்து திரிவது ஹீமாஃபிசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணி. அது தன் வாழ்நாளில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு விலங்குகளின் மீது ஏறி இரத்தம் குடிக்கிறது. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு எலி, மூஞ்சூறு, பறவை, குரங்கு ஆகியவற்றின் மீது ஏறும். பசியாறியதும் தரையில் உதிர்ந்து, தோலுரித்து, எட்டுக்கால் இளம் உண்ணியாகும். இளம் உண்ணி மறுபடி ஒரு விலங்கைத் தேடிக் குடித்துவிட்டு உதிர்ந்து, முழு வளர்ச்சி அடைந்து, மாடு, மான் போன்ற பெரிய விலங்குகளை நாடும். குஞ்சாக இருந்தபோது நோயுற்ற குரங்கிடம் பெற்ற வைரஸ், தோலுரித்த பிறகும் அதன் உடலுக்குள்ளேயே இருக்கும்.

இப்போது உங்கள் தோட்டத்துக் குரங்கை நினைத்துப் பாருங்கள். நோய் முற்றிய குரங்கு மரமேற வலுவில்லாமல் ஓரிடத்தில் சுருண்டு கிடக்கிறது. அதன் உடலில் இரத்தம் குடித்து நிறைந்த குஞ்சுகள் அதே இடத்தில் கூட்டமாக உதிர்கின்றன. குரங்கு இறந்து உடல் குளிர்ந்ததும் எஞ்சியவையும் இறங்கிவிடுகின்றன. சடலத்தை எடுத்துப் போன பிறகும், அந்தச் சில அடி நிலம் பல வாரங்கள் நோயைச் சுமந்துகொண்டிருக்கும். குரங்கைத் தொட்டால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சருகின் மீது செருப்பில்லாமல் நடப்பதும், அங்கே உட்கார்ந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைப்பதும் அதே அளவு ஆபத்துதான்.

2012ஆம் ஆண்டின் இறுதியில் பந்திப்பூர்க் காட்டில், இறந்த குரங்குகளை அப்புறப்படுத்திய பணியாளர்களுக்கே இந்நோய் வந்தது. அதையொட்டி நீலகிரியில் இறந்த குரங்குகளிடமும் அதன்பின் வயநாட்டிலும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. ஆகவே குரங்கு இறந்து கிடந்தால் நீங்களாக எரிக்கவோ புதைக்கவோ முயலாமல், வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றைக்கே சொல்லுங்கள்.

காட்டில்தான் இந்த உண்ணி வாழ்கிறது என்றால், காடு குறையக் குறைய நோயும் குறைய வேண்டுமல்லவா? (சென்னை வாசகர்)

நியாயமான கேள்வி, ஆனால் நடந்தது இதற்கு நேர்மாறானது. கொலம்பியாவைச் சேர்ந்த ஹோர்ஹே பொஷெல் என்ற அறிஞர் சிமோகாக் காடுகளில் பணியாற்றி, 1969இல் இதைத் தெளிவாக எழுதினார். அடர்ந்த காட்டுக்குள் இந்த வைரஸ் சிறு விலங்குகளுக்கும் உண்ணிகளுக்கும் இடையே வெகுகாலமாக ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மரங்களை வெட்டி வயலாக்கியபோது, காட்டுக்கும் ஊருக்கும் நடுவே புதர் மண்டிய ஓரங்கள் உண்டாயின. அந்த ஓரங்களில் மாடுகள் மேய்ந்தன. மாட்டின் இரத்தத்தில் இந்த வைரஸ் பெருகுவதில்லை. ஆனால் முழு வளர்ச்சி அடைந்த பெண் உண்ணிக்கு வயிறு நிறைய இரத்தம் தருவது மாடுதான். அப்படிப் பசியாறிய ஒவ்வோர் உண்ணியும் தரையிலிறங்கி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மாடு நோயை வளர்க்கவில்லை, உண்ணியை வளர்த்தது. அந்த ஓரத்துக்கு மேலிருந்து குரங்கும் வந்தது, கீழிருந்து மனிதனும் வந்தான்.

அப்படி வெட்டிய இடங்களில் மண்டும் செடிகளில் முக்கியமானது உண்ணிச்செடி. கொத்துக் கொத்தாகத் தொங்கும் அதன் காய்கள் மாட்டின் காதில் மொய்த்த உண்ணிகளைப் போலிருப்பதால் முன்னோர் அப்பெயரிட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். உண்மையிலும் அது உண்ணிக்கு உகந்த செடியே. உண்ணிக்குப் பசியைவிடப் பெரிய எதிரி வறட்சி. ஈரக் காற்றிலிருந்து நீரை உறிஞ்சித்தான் அது பல மாதங்கள் பட்டினி கிடக்கிறது. புதரின் அடியிலுள்ள நிழலும் சருகும் அதற்கு அந்த ஈரத்தைக் கொடுக்கின்றன.

மாடு மேயும் ஒரு புல்வெளி ஓரத்தில், ஒரு புல்லின் நுனியை நான் கைலென்ஸ் வழியாக நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததுண்டு. எள்ளைவிடச் சிறிய இளம் உண்ணி ஒன்று, பின்கால்களால் புல்லைப் பற்றிக்கொண்டு முன்கால்கள் இரண்டையும் அகல விரித்து அசையாமல் நின்றது. நான் குனிந்து மூச்சை விட்டதும் அந்தக் கால்கள் துழாவத் தொடங்கின. அதன் முன்கால் நுனியிலுள்ள ஒரு சிறு குழியே மூச்சுக்காற்றின் கரியமில வாயுவையும் உடற்சூட்டையும் உணரும் உறுப்பு. உண்ணிக்குக் குதிக்கவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. நாம் உரசிப் போகும்வரை அது காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

குரங்குக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டா? எந்த மாதங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்? (மசினகுடி வாசகர்)

தடுப்பூசி ஒன்று கர்நாடகத்தில் பல்லாண்டுகள் போடப்பட்டது; அது தந்த பாதுகாப்பு போதாது என்பதால் பின்னர் நிறுத்தப்பட்டது. நோயைக் குணப்படுத்தும் தனி மருந்தும் இல்லை. திடீர்க் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, அடித்துப் போட்டாற்போன்ற உடல்வலி, சிலருக்கு ஈறிலும் மூக்கிலும் இரத்தக் கசிவு என்று தொடங்கும் இந்நோய், சிலருக்குத் தணிந்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து மூளையைப் பாதிக்கும் இரண்டாம் கட்டமாகத் திரும்பவும் வரும். நோய்க்கு ஆளானவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். உடலின் நீர்ச்சத்தையும் இரத்தத் தட்டணுக்களையும் கண்காணித்து உரிய நேரத்தில் சிகிச்சை அளித்தால் பெரும்பாலானோர் பிழைப்பார்கள். நோயாளியிடமிருந்து வீட்டிலுள்ளவர்களுக்கு இது தொற்றுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அச்சத்தால் நோயாளியை ஒதுக்கி வைப்பது கொடுமை.

மனிதரைப் பெரும்பாலும் கடிப்பது இளம் உண்ணி. அதன் பருவம் நவம்பர், டிசம்பரில் தொடங்கி மே வரை நீடிக்கும். விறகு, தேன், நெல்லிக்காய், சீமாறுப்புல் என்று காட்டுக்குள் போகும் காலமும் ஏறக்குறைய அதுவேதான். காட்டுக்குப் போகாதீர்கள் என்று அந்த மக்களிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அது அவர்களுடைய சோறு. முழுக்கை சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, கைகால்களில் உண்ணி விரட்டும் எண்ணெய், வீடு திரும்பியதும் வெந்நீரில் குளியல், கழற்றிய துணிக்கும் வெந்நீர் ஆகியவற்றைக் கடைப்பிடிக்க முடியும். கர்நாடகத்தில் ‘டெப்பா’ என்ற எண்ணெயை அரசே காட்டோர ஊர்களில் இலவசமாகக் கொடுக்கிறது. நீலகிரியின் காட்டோர ஊர்களிலும் அதுபோல ஒன்று ஒவ்வோர் ஆண்டும் நவம்பருக்கு முன்பே கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என் தாயாருக்கு ‘உண்ணிக் காய்ச்சல்’ என்றார்கள். எங்கள் வீட்டில் மாடும் இல்லை, நாயும் இல்லை. உண்ணி எங்கிருந்து வந்தது? (வேலூர் வாசகி)

பெயரால் வந்த குழப்பம் இது. செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற நோயை. அதைப் பரப்புவது நம் மாட்டிலும் நாயிலும் காணும் உண்ணி அன்று. அதற்குத் தூரத்து உறவான மைட் என்னும் நுண்ணிய உயிரியின் குஞ்சு. தென்னையைத் தாக்கும் ஈரியோபைட் சிலந்தியும் இந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததே. எலிகள் நடமாடும் புதரிலும் புல்லிலும் வரப்போரத்திலும் அந்தக் குஞ்சு இருக்கும். கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. கடித்தது நமக்கும் தெரியாது. கடித்த இடத்தில், பெரும்பாலும் அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ, சிகரெட்டால் சுட்டாற்போன்ற வலியில்லாத கரும்பொருக்கு உண்டாகும். பெண்கள் அதை மருத்துவரிடம் காட்டக் கூச்சப்படுவதால் நோய் கண்டுபிடிக்கப்படாமல் நாட்கள் கழிவதுண்டு. டாக்சிசைக்ளின் என்ற எளிய, விலை மலிந்த மருந்தை உரிய நேரத்தில் கொடுத்தால் காய்ச்சல் ஓரிரு நாட்களில் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். ஐந்து நாட்களுக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், கூச்சத்தை விட்டு உடல் முழுவதும் பொருக்கைத் தேடச் சொல்லுங்கள்.

எங்கள் ஜெர்சிக் கலப்பினப் பசு காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்துக் காய்ச்சலோடு படுத்துவிட்டது. உண்ணிதான் காரணம் என்றார் மருத்துவர். பக்கத்து வீட்டுக் காங்கேயம் மாட்டிலும்தான் உண்ணி இருக்கிறது. அதற்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

மாட்டு உண்ணி கடிக்கும்போது உடலுக்குள் செல்லும் பபீசியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைப்பதால் சிறுநீர் அந்த நிறம் கொள்கிறது. கன்று ஈன்ற சில வாரங்களில் பாஸ்பரஸ் குறைவாலும் இப்படி ஆவதுண்டு என்பதால், இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வது நல்லது. பூச்சி, உண்ணி போன்ற கணுக்காலி ஒன்று விலங்குக்கு நோயைக் கடத்துகிறது என்று முதன்முதலில் மெய்ப்பிக்கப்பட்டது இந்த நோயில்தான். அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் அதை வெளியிட்டார்கள். கொசு மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்தே.

நம் நாட்டு மாடுகள் பல நூறு தலைமுறைகளாக உண்ணியோடு வாழ்ந்தவை. அவற்றின் தோல் உண்ணியை எதிர்த்து வினைபுரிவதால், ஏறும் உண்ணிகளில் சிறு பங்கே முழுதாகக் குடித்துப் பருக்கின்றன. குளிர்நாட்டு இனங்களின் கலப்பில் பிறந்த பசுவுக்கு அந்தத் திறன் குறைவு. காட்டு உண்ணியைப் போலன்றி, பபீசியாவைப் பரப்பும் இந்த மாட்டு உண்ணி குஞ்சுப் பருவம் முதல் முழு வளர்ச்சி வரை ஏறக்குறைய மூன்று வாரங்களை ஒரே மாட்டின் மீது கழிக்கும். ஆகவே ஒரு முறை மருந்து பூசி விட்டுவிட்டால் பயனில்லை. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பப் பூச வேண்டும். வேறு சில உண்ணிகள் சுவர் விரிசலில் ஒளிந்திருக்கும் என்பதால் தொழுவத்தின் வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசுங்கள்.

உடலில் உண்ணி ஒட்டிக்கொண்டால் மண்ணெண்ணெய் ஊற்றலாமா, நெருப்பு வைக்கலாமா? (ஏற்காடு வாசகர்)

இரண்டும் வேண்டாம். துன்புறும் உண்ணி, தன் எச்சிலையும் குடலில் உள்ளதையும் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுங்கள். விரல்களுக்கு இடையில் நசுக்காதீர்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைய தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்பதற்கு முன்பே அந்தத் தேதியையும், நீங்கள் போய் வந்த இடத்தையும் சொல்லுங்கள்.