லைட் எரியுது, நெட் வரலை: சேலம் வாசகர் கேள்விகளுக்குப் பதில்

"நெட் வரலைங்க, என்ன பண்றது?" என்று மட்டும் எழுதியிருக்கும் கேள்விகளுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை ஒரு லைன், சுவரில் மோடம், மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், வைஃபை அதற்கும் அப்புறம். கோளாறு இதில் எந்தத் துண்டில் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் எதற்கும் முன்னால் வைஃபையை ஒதுக்கிவிட்டு, மோடத்தின் லேன் போர்ட்டில் ஒரு வயரைச் செருகி லேப்டாப்பில் பாருங்கள். வயரிலும் வரவில்லை, வயரில் வருகிறது ஆனால் மெதுவாக, வயரில் நன்றாக வருகிறது வைஃபையில்தான் இல்லை என்று மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சார், ஏற்காட்டில் ஒண்டிக்கடை தாண்டி எஸ்டேட்டுக்குள்ள வீடு. மழை பிடிச்சா பாக்ஸ்ல எல்ஓஎஸ் லைட் சிவப்பா மின்னுது. வெயில் வந்தா தானா சரியாயிடுது. கம்பெனி ஆள் வர்றப்ப எல்லாம் பச்சையா இருக்கு, "ஒண்ணும் இல்லீங்களே"ன்னு போயிடறார். பாக்ஸை மாத்திடலாமா?

மாற்ற வேண்டாம். எல்ஓஎஸ் சிவப்பு என்றால் பைபர் எனும் கண்ணாடி இழைக் கேபிளில் வர வேண்டிய ஒளி உங்கள் பாக்ஸுக்கு, அதாவது மோடத்துக்கு, வந்து சேரவில்லை என்று அர்த்தம். குற்றம் பெரும்பாலும் பாக்ஸுக்கு வெளியே.

கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளியை மழை ஒன்றும் செய்யாது. மழையோடு வரும் காற்றும் ஈரமும்தான் செய்கின்றன. மலையில் பல இடங்களில் கேபிள் கம்பத்தில் போகாமல் சில்வர் ஓக்குக்கு சில்வர் ஓக் கட்டியபடி போகிறது. காற்றில் மரம் ஆடும்போது கேபிள் இழுபட்டு, கட்டுக்கம்பி இருக்கும் இடத்தில் நறுக்கென்று மடங்கும். பைபர் ஒடிய வேண்டும் என்றில்லை. கூர்மையாக வளைந்தாலே ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். காற்று நின்றதும் வளைவு நிமிர்கிறது, லைட்டும் பச்சையாகிவிடுகிறது. இன்னொரு சந்தேகம், வழியில் இருக்கும் கறுப்பு இணைப்புப் பெட்டி. மூடி சரியாக அமராமல் தண்ணீர் இறங்கியிருக்கலாம். உள்ளே இழையை உருக்கி ஒட்டாமல் கையால் மாட்டும் கனெக்டரைப் போட்டிருந்தால், ஈரத்துக்கும் குளிருக்கும் அது மெல்ல விலகும்.

முதலில் வீட்டுக்குள் பார்த்துவிடுங்கள். பாக்ஸின் பின்னாலிருந்து சுவர்ப் பெட்டிக்குப் போகும் மெல்லிய பைபர் வயர் டிவி ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா? சுருட்டி வைத்திருந்தால் வளையம் 6 செ.மீ. விட்டத்துக்குக் குறையக் கூடாது. பச்சை முனை உள்ளே முழுதாக அமர்ந்து க்ளிக் என்று பிடித்திருக்க வேண்டும். பச்சை முனைக்குப் பதிலாக யாராவது நீல முனை வயரை மாட்டியிருந்தால் அதுவே ஒளியைத் தின்னும். இரண்டும் முகம் சீவியிருக்கும் கோணம் வேறு. முனையைக் கழற்றினால் விரலால் தொடாதீர்கள், சட்டையில் துடைக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். எக்காரணம் கொண்டும் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது 1490 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குத் தெரியாது. "ஒண்ணும் எரியலையே" என்று குழந்தைகள் உற்றுப் பார்ப்பதுதான் எனக்குப் பயம்.

இனி, வரும் ஆளிடம் காட்ட ஒரு சாட்சி. லேப்டாப்பை வயரில் இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 என்று போடுங்கள். (சில பாக்ஸில் முகவரி வேறு, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும்.) உள்ளே ஆப்டிகல் அல்லது பிஓஎன் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு மைனஸ் எண் தெரியும்; பாக்ஸுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தாண்டி 28, 29 என்று போனால் பாக்ஸால் தாங்க முடியாது. எண் 3 இறங்கினால், அதாவது மைனஸ் 20 மைனஸ் 23 ஆனால், வரும் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. நல்ல வெயிலில் ஒரு தடவை, தூறலும் காற்றும் தொடங்கியதும் ஒரு தடவை போட்டோ எடுத்து வையுங்கள். வெயிலிலேயே மைனஸ் 26 காட்டினால் லைன் விளிம்பில் நிற்கிறது. வெயிலில் மைனஸ் 20, காற்றில் மைனஸ் 28 என்றால் வழியில் எங்கோ வளைவோ இணைப்போ ஆடுகிறது. இந்த இரண்டு போட்டோவையும் காட்டிய பிறகு "எல்லாம் சரியா இருக்கு" என்று யாரும் இறங்கிப் போக முடியாது. லைனை நடந்து பார்த்து, இணைப்பை மெஷினில் உருக்கி ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை. 300 எம்பி பிளான் போட்டிருக்கோம். போன்ல வைஃபைல 250 வரைக்கும் வருது. பையனோட கம்ப்யூட்டருக்கு வயர் போட்டா 94 தாண்ட மாட்டேங்குது. வயர்லதானே அதிகம் வரணும்?

வயரில்தான் அதிகம் வர வேண்டும். 94 என்று நீங்கள் எழுதியதே நோயைச் சொல்லிவிட்டது. 100 எம்பி இணைப்பில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்தால் 94, 95தான் வரும். ஆக, கம்ப்யூட்டரும் மோடமும் ஒன்றோடொன்று 100இல்தான் பேசிக்கொள்கின்றன. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கம் போய் ஈதர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு என்ற வரியில் 100/100 என்று இருக்கும் பாருங்கள். 1000/1000 என்று இருக்க வேண்டும்.

லேன் வயருக்குள் எட்டுக் கம்பிகள். 100 எம்பிக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மிச்ச நான்கில் ஒன்று ஒடிந்தாலும், முனையில் சரியாகக் குத்தாவிட்டாலும் இணைப்பு அறுந்து போகாமல் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். யாரும் கவனிக்காமல் வருஷக்கணக்கில் ஓடும். கடையில் வாங்கிய ரெடிமேட் கேட்-5ஈ அல்லது கேட்-6 வயரை மாட்டிப் பாருங்கள். ஸ்பீடு ஏறினால் பழைய வயர்தான் காரணம். ஏறாவிட்டால் மோடத்தின் வேறு லேன் போர்ட்டில் மாற்றுங்கள். விலை குறைந்த பல பாக்ஸ்களில் ஒரு போர்ட்தான் ஜிகாபிட், பக்கத்துப் போர்ட் 100தான். அதிலும் ஏறாவிட்டால் கம்ப்யூட்டரின் லேன் கார்டே பழசாக இருக்கலாம்.

சுவருக்குள் ஓடும் வயர் என்றால் மாற்றும் முன் முனையை வெட்டிப் புதிதாக கிரிம்பிங் செய்து, அதாவது புது முனையை அழுத்திப் பொருத்தி, பாருங்கள். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையும் இதே வரிசை. வெட்டிய துண்டில் ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமே இருந்தால் நல்ல வயர். மேல் பூச்சு போய் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்பு முலாம். விலை குறைவு என்று இதைத்தான் தலையில் கட்டுகிறார்கள். இரண்டு தடவை மடக்கினால் உள்ளே ஒடியும். வீடு கட்டும்போது சுவருக்குள் போட இந்த வயரை வாங்கவே வாங்காதீர்கள்.

அண்ணா, குகையில விசைத்தறி ஓட்டுறோம். தறியை ஆன் பண்ணினா மோடம் அணைஞ்சு அணைஞ்சு எரியுது. லைன் கோளாறுன்னு புகார் கொடுத்தா லைன் சுத்தமா இருக்குங்கறாங்க.

அவர்கள் சொல்வது சரி தம்பி. ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். லைனில் கோளாறு என்றால் எல்ஓஎஸ் அல்லது இன்டர்நெட் லைட் மட்டும் மாறும், பவர் லைட் அசையாது. எல்லா லைட்டும் ஒன்றாக அணைந்து ஒவ்வொன்றாக எரிந்தால் மோடத்துக்குக் கரண்ட் போதவில்லை.

மோட்டார் கிளம்பும் நொடியில் கரண்டை இழுக்கும், வோல்டேஜ் இறங்கும். நல்ல அடாப்டர் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை சமாளிக்கும், அதன் மேலேயே அப்படி அச்சிட்டிருப்பார்கள். அதனால் இந்தச் சின்ன இறக்கத்துக்கே மோடம் அணைகிறது என்றால் அடாப்டர் வயசாகிவிட்டது. லைட் எரியும் அளவுக்கு வரும், வேலை செய்யும் அளவுக்கு வராது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும், ஏனென்றால் அப்போது அதன் மேல் பாரம் இல்லை. புதிது வாங்கும்போது வோல்ட் அச்சொட்டாகப் பழையதைப் போலவே இருக்க வேண்டும்; ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னில் பிளஸ் உள்ளேயா வெளியேயா என்ற குறியும் ஒத்துப்போக வேண்டும்.

முடிந்தால் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றும் போட்டுவிடுங்கள், கரண்ட் போனாலும் நெட் நிற்காது. தறி இருக்கும் அறையில் மோடத்தை வைக்கவே வேண்டாம். பஞ்சு பறந்து காற்றோட்டத் துளைகளை அடைத்தால் சூடேறியே செத்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை. ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் கழற்றித் துடைச்சு மாட்டினோம். அதுல இருந்து எந்த கம்ப்யூட்டர்லயும் நெட் இல்லை. ஸ்விட்ச் பாக்ஸ்ல எல்லா லைட்டும் தாறுமாறா மின்னுது.

ஒரே லேன் வயரின் இரண்டு முனையையும் அதே நெட்வொர்க் ஸ்விட்சில் மாட்டியிருப்பீர்கள்; போன தகவலே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும். எல்லா வயரையும் பிடுங்குங்கள். மோடத்திலிருந்து வருவதை முதலில், பிறகு ஒவ்வொன்றாக. எதை மாட்டும்போது மறுபடி மின்னுகிறதோ அதுதான்.

அஸ்தம்பட்டி. நெட் மெதுவா இருக்குன்னு யாரோ சொன்னதைக் கேட்டு ஊசியால ரீசெட் அழுத்தினேன். இப்ப வைஃபை பேரே மாறிப்போச்சு, நெட்டும் இல்லை.

மோடத்தை அணைத்து எரியவிடுவது வேறு, அந்தச் சின்ன ஓட்டைக்குள் ஊசியால் அழுத்துவது வேறு. முதலாவது தூங்கி எழுவது. இரண்டாவது நினைவையே துடைத்துவிடும். உங்கள் கணக்கின் பயனர் பெயர், பாஸ்வேர்டு, கம்பெனி போட்ட லைன் செட்டிங், வைஃபை பெயர் எல்லாம் அதோடு போயின. சில கம்பெனி பாக்ஸ்கள் லைனிலிருந்தே செட்டிங்கைத் தாமாக இறக்கிக்கொள்ளும், அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். வராவிட்டால் கம்பெனிக்குப் போன் செய்து பிபிபிஓஇ எனும் லைன் லாகினுக்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேளுங்கள். அவை கைக்கு வந்ததும் மோடத்தின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நெட் வராதபோது ரீசெட் வரை போகாமல் பார்க்க வேண்டியது கம்ப்யூட்டருக்குக் கிடைத்திருக்கும் ஐபி முகவரி. 192.168 என்று தொடங்கினால் வீட்டுக்குள் சரி, கோளாறு மோடத்துக்கு அந்தப் பக்கம். 169.254 என்று தொடங்கினால் மோடம் முகவரியே கொடுக்கவில்லை. வயரையும் போர்ட்டையும் பாருங்கள். முகவரியும் சரி, ஏற்கெனவே திறந்திருக்கும் சில ஆப் ஓடுகிறது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் சிக்கல்; வெப்சைட் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது அதுதான். டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பார்க்கலாம்.

ஏற்காடு. போன வாரம் இடி விழுந்ததுல மோடத்தோட லேன் போர்ட்டும் அவுட்ஹவுஸ் கம்ப்யூட்டரும் போச்சு. பைபர் கண்ணாடிதானே, மின்னல் எப்படி வந்துச்சு?

பைபர் வழியாக வரவில்லை. உங்கள் பெரிய வீட்டிலிருந்து அவுட்ஹவுஸுக்கு வெளியே இழுத்திருக்கும் லேன் வயர்தான் வழி. அது செம்பு. பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினால்கூட இரண்டு கட்டடத்தின் தரைக்கும் நடுவில் பெரிய வோல்டேஜ் வித்தியாசம் வரும். அது அந்தச் செம்புக் கம்பியில் பாய்ந்து இரண்டு முனையிலும் இருப்பதைச் சுட்டுவிடும். நேராக வீட்டில் விழ வேண்டும் என்பதே இல்லை. கரண்ட் லைன் வழியாக அடாப்டரில் ஏறுவது இன்னொரு வழி.

புது மோடம் வந்ததும் அதே வயரை மாட்டாதீர்கள், அடுத்த சித்திரை மழையில் இதே கதைதான். கட்டடத்துக்குக் கட்டடம் உலோகக் கம்பி இல்லாத பைபர் போட்டு, இரண்டு பக்கமும் பைபரை லேன் வயராக மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். எஸ்டேட்டில் தூரமும் ஒரு காரணம்: செம்பு லேன் வயர் 100 மீட்டருக்கு மேல் போகாது, பைபருக்கு அந்தக் கவலை இல்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தால், இடி நெருங்கும் முன்பே அடாப்டரையும் லேன் வயரையும் கழற்றிவிடுங்கள். இடி இடித்துக்கொண்டிருக்கும்போது கழற்றப் போகாதீர்கள். பொருள் போனால் போகட்டும்.

கன்னங்குறிச்சி. அப்பா காலத்து போன் லைன்லயே நெட். போன் மணி அடிச்சா நெட் கட் ஆகுது, பேசுனா கரகரங்குது.

போனுக்கு முன்னால், பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் எனும் சின்ன டப்பா இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் போனை நேராக மாட்டியிருந்தால், அல்லது உள் அறையில் இன்னொரு போனை இணையாக இழுத்திருந்தால், மணி அடிக்கும்போது நெட் அறும். கரகரப்புக்குக் காரணம் வேறு. கையால் முறுக்கிய செம்பு இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். வெட்டிப் புதிதாக இணைக்க வேண்டும். பேச்சு சுத்தமாகும் வரை நெட் சுத்தமாகாது. உங்கள் தெருவுக்கு பைபர் வந்துவிட்டது என்றால் இந்த லைனுக்கு இனிச் செலவு செய்யாதீர்கள். ஏடிஎஸ்எல் 2+ என்ற இந்த முறையின் உச்சமே 24 எம்பி, அதுவும் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் இருந்தால்தான்.

சூரமங்கலம். போன் பண்ணினா "நாளைக்கு ஆள் வருவார்"ங்கறாங்க, யாரும் வர்றதில்லை. யார்கிட்ட போறது?

லைன் போட வந்த ஆளின் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் சொல்வதை நிறுத்துங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அது எங்கேயும் பதிவாகாது. கம்பெனியின் புகார் எண்ணில் சொல்லி டாக்கெட் நம்பர், அதாவது புகார் பதிவு எண், வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிப்படி ஒவ்வொரு புகாருக்கும் அந்த நம்பரைக் கொடுத்தே ஆக வேண்டும். அதிலும் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே எழுதுகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். தனி ஆள் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.

புகாரில் "நெட் சரியில்லை" என்று எழுதாதீர்கள். எந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து, எந்த லைட் என்ன நிறத்தில் இருந்தது, வயரில் இணைத்துப் பார்த்தபோது ஸ்பீடு எவ்வளவு, ஆர்எக்ஸ் பவர் எவ்வளவு, இதுவரை வாங்கிய டாக்கெட் நம்பர்கள் எவை. இவ்வளவும் பத்து வரியில் அடங்கும். போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள்.