பிரீமியம் 7,000 ரூபாய் குறைவு என்பதற்காக எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. 5 லட்ச ரூபாய்க்கு மெடிக்ளைம் எடுக்க ஏஜென்ட் இரண்டு பாலிசி காட்டுகிறார். ஒன்று வருடத்துக்கு 28,000 ரூபாய். இன்னொன்று 21,000தான், ஆனால் 20% கோ-பே (கிளெய்ம் தொகையில் அந்தப் பங்கை நாமே கட்ட வேண்டும்), அறை வாடகைக்கு 1% வரம்பு. மாதத் தவணையும் உண்டாம். எதை எடுப்பது?
– வாசகர், திருச்சி

பதில்: 28,000 ரூபாய் பாலிசியையே எடுங்கள். அதில் கோ-பேயும் அறை வரம்பும் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

5 லட்சத்தில் 1% என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். அப்பாவை 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் சேர்த்தால், 12,000 ரூபாய்தானே, கையிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். அதோடு விடமாட்டார்கள். டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றையும் எட்டு ரூபாய்க்கு ஐந்து ரூபாய்தான் என்று அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைகளில் மட்டும் அப்படி வெட்டக்கூடாது.

பில் இப்படி வருகிறது என்று வையுங்கள்: அறை 32,000, ஆபரேஷன் வகையறா 1,60,000, மருந்தும் பரிசோதனையும் 80,000. மொத்தம் 2,72,000. கிடைப்பது 20,000 + 1,00,000 + 80,000, அதாவது 2 லட்சம். அதிலும் 20% கோ-பே போனால் 1,60,000தான். நீங்கள் கட்டுவது 1,12,000. வருடம் 7,000 மிச்சம் பிடித்தால் இதைச் சேர்க்க 16 வருடம் ஆகும்!

மாதத் தவணை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. தவறினால் சலுகைக் காலம் 15 நாள்தான்; வருடக் கட்டணத்துக்கு 30 நாள். அதையும் விட்டால் பாலிசி காலாவதி, காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே உள்ள நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத ஆரம்ப மாதங்கள்) மறுபடி முதலிலிருந்து. நடுவில் கிளெய்ம் வந்தால், பாக்கித் தவணைகளை அதிலேயே பிடித்துக்கொள்ளும் பாலிசிகள் நிறைய.

கொட்டேஷனில் 18% ஜிஎஸ்டி போட்டிருந்தால் அது பழைய தாள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மெடிக்ளைமுக்கு ஜிஎஸ்டி கிடையாது. நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால், 60 தாண்டிய பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்தில் 50,000 வரை வருமான வரிக் கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டினால் அது கிடைக்காது.

சர்க்கரையை விண்ணப்பத்தில் மறைக்கவே வேண்டாம், ஏஜென்டே சொன்னாலும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். குறைவாகத் தரும் பாலிசிகளும் உண்டு, கேளுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் காத்திருப்பு எத்தனை மாதம் என்பது சொன்னபடியே இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.