எட்டு டிரைவ்களை நெட்வொர்க்கில் சேர்க்க: ஆளுக்கொரு அடாப்டர் கார்டா, ஒரே கேட்வேயா?

கேள்வி: எங்களிடம் எட்டு விஎஃப்டி டிரைவ்கள் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவிகள்) இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஆர்எஸ்-485 என்ற சீரியல் போர்ட், அதில் பேசும் மோட்பஸ் ஆர்டியு என்ற தகவல் முறை உண்டு. புதிதாக வரும் பிஎல்சியில் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஈதர்நெட் மட்டும்தான். டிரைவுக்கு ஒரு ஈதர்நெட் கார்டு வாங்குவதா, எட்டுக்கும் சேர்த்து ஒரு கேட்வே (ஈதர்நெட் செய்தியை மோட்பஸ் ஆர்டியுவாக மாற்றித் தரும் பெட்டி) போட்டால் போதுமா?

பதில்: பம்ப், ஃபேன் என்றால் கேட்வே தாராளமாகப் போதும். மோட்டார்கள் ஒன்றோடொன்று வேகம் ஒத்து ஓட வேண்டுமென்றால் தனித்தனி கார்டுதான். காரணம் நேரக் கணக்கு. 9600 பாட் (செகண்டுக்கு 9600 பிட்) வேகத்தில், பிழை கண்டுபிடிக்கும் பாரிட்டி பிட்டும் சேர்த்து ஒரு பைட்டுக்கு 11 பிட், ஏறக்குறைய 1.15 மில்லி செகண்ட். டிரைவில் மதிப்புகள் இருக்கும் எண்ணிட்ட இடங்களான ரெஜிஸ்டர்களில் நான்கைப் படிக்கப் போவது 8 பைட், வருவது 13 பைட். கம்பியில் மட்டும் 24 மில்லி செகண்ட். செய்திகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியும், டிரைவ் பதில் தர எடுக்கும் நேரமும் சேர்ந்தால் 40 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு டிரைவிலும் ஒருமுறை படித்து, ஒருமுறை எழுத 16 பரிமாற்றம். ஒரு சுற்று 0.64 செகண்ட். கேட்வேக்கு முன்னால் ஈதர்நெட் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இது குறையாது. அதோடு, கேட்வே படுத்தால் எட்டு டிரைவும் தொடர்பு இழக்கும்.

வயரிங்கில் தவறு நடப்பது பெரும்பாலும் கிளை பிரிப்பதில்தான். ஆர்எஸ்-485 கேபிள் ஒரு டிரைவிலிருந்து அடுத்ததற்கு என்று தொடராகப் போக வேண்டும். 120 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் ரெசிஸ்டர்) இரண்டு முனைகளில் மட்டும். நடுவிலுள்ள டிரைவ்களில் டெர்மினேஷன் ஸ்விட்ச் ஆஃபில் இருக்க வேண்டும். இரண்டு சிக்னல் வயர்களுக்கான ஏ, பி என்ற குறியீட்டைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றிப் போடுகிறார்கள். அதனால் பதிலே வராவிட்டால் முதலில் அந்த இரண்டு வயரை மாற்றிப் பாருங்கள். காமன் (சிக்னல் கிரவுண்டு) வயரையும் விடாமல் இணையுங்கள். மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் இதைக் கொண்டுபோக வேண்டாம். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

செட்டிங்கில் ஸ்டார்ட் கட்டளை எங்கிருந்து வரும், வேகம் எங்கிருந்து வரும் என்பவை பல டிரைவ்களில் இரண்டு தனி பாராமீட்டர்கள். ஒன்றை மட்டும் மாற்றினால், டிரைவ் ரன்னில் இருக்கும், வேகம் பூஜ்யத்திலேயே நிற்கும். ரெஜிஸ்டர் எண்ணிலும் ஒன்று கூடக் குறைய வரும்: மேனுவலில் 40001 என்றிருப்பது செய்திக்குள் 0 என்றுதான் போகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேகத்தை எழுதும் ரெஜிஸ்டர், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் சேமிக்கும் வகையா என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள். ஒரு லட்சம் தடவை எழுதலாம் என்று வரம்புள்ள சிப்பில் செகண்டுக்கு ஒருமுறை எழுதினால், ஒரு நாளுக்கு 86,400 தடவை. இரண்டாம் நாளே வரம்பு தாண்டிவிடும். தொடர்ந்து எழுத, தற்காலிக நினைவகத்துக்குப் போகும் ரெஜிஸ்டரையே தேர்ந்தெடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தொடர்பு அறுந்தால் டிரைவ் என்ன செய்யும் என்பது. சில டிரைவ்கள் வாங்கி வந்த செட்டிங்கில் கடைசி வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மோட்டாருக்கும் நீங்களே முடிவு செய்யுங்கள்: குளிர்நீர் பம்ப் ஓடிக்கொண்டே இருப்பது நல்லதாக இருக்கலாம், கன்வேயர் நின்றாக வேண்டும். டைம்-அவுட்டை உங்கள் சுற்று நேரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு வையுங்கள், 0.64 செகண்ட் சுற்றுக்கு 2 அல்லது 2.5 செகண்ட் சரியாக இருக்கும். எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் நெட்வொர்க்கை நம்பி விடவே கூடாது. அது தனி வயரில் டிரைவின் எஸ்டிஓ (மோட்டாருக்கு விசை போவதைப் பாதுகாப்பாக நிறுத்தும்) டெர்மினலுக்கோ, சேஃப்டி ரிலேக்கோ போகட்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது, கப்ளிங்கைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, கேட்வேயின் ஈதர்நெட் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு ஆர்எஸ்-485 கனெக்டரைத் தனியாகப் பிடுங்குங்கள். இரண்டிலும் டிரைவ் ஒரே மாதிரி நடக்க வேண்டும். முதல் சோதனையில் மட்டும் மோட்டார் நிற்காமல் ஓடினால், பிஎல்சி இல்லாதபோதும் கேட்வே பழைய மதிப்பையே டிரைவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தச் செட்டிங்கை கேட்வேயில்தான் மாற்ற வேண்டும்.